படிவம் இருபத்தொன்பதில் ஒரு தேதி

டீசல் வாசம் கையில் ஏறிவிட்டால் சோப்புக்குப் போகாது, வெந்நீருக்கும் போகாது. எங்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளுக்கென்று வாங்கி வைக்கும் ‘அரப்பு’த் தூளை ஈரக்கையில் கொட்டி விரலிடுக்கு வரை தேய்த்தால்தான் கொஞ்சம் அடங்கும், அதன் பிறகும் தயிர்ச்சோற்றைப் பிசையும்போது மெல்லத் தலை தூக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்கு இருபத்தாறு இருபத்தேழு வயதிருந்தபோது, நான் தின்ற தயிர்ச்சோறெல்லாம் இப்படி டீசல் கலந்ததுதான். இளமை என்றதும் மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ வாசமோ சினிமாக் கொட்டகையின் வாசமோ நினைவுக்கு வருமாம். எனக்கு வருவது இது. இதோடு சேர்ந்து ஒரு மனிதரும் வருவார். அவரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நான் அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். விதிமுறைப் புத்தகங்களை, மற்றவர்கள் வார இதழ் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தேன். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல், எந்த நகலில் யார் சான்றொப்பம், எந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் எந்த மேசையிலிருந்து திரும்பி வரும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில் வாரிசுச் சான்றிதழ் வேண்டியவர்களும், ரேஷன் அட்டையில் பெயர் நீக்க வேண்டியவர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். நான் நிரப்பிக் கொடுத்த மனு எதுவும் திரும்பி வந்ததில்லை. இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்வதும் உண்டு.

மேட்டுப்பாளையத்துக்கு என்னை மாற்றினார்கள். தினம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருவதில் முதுகு போய்விட்டது என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் எனக்கு ஒரு கார் மேல் ஆசை. புதிதாக வாங்க வக்கில்லை. பெட்ரோல் போட்டு ஓட்டவும் வக்கில்லை. டீசல் விலை அப்போது பெட்ரோலைவிட வெகு குறைவு என்பதால், பழைய சிறிய டீசல் கார் என்பது என் போன்ற சம்பளக்காரர்கள் எட்டிப் பார்க்கக்கூடிய ஒரே சொர்க்கமாக இருந்தது. கவுண்டம்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த அந்தோணி என்ற மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“காரமடையில ஒண்ணு இருக்குதுங்க சார். சுத்தத் தங்கம். ஒரே கை ஓட்டுனது. ஓனருதான் இல்லீங்க.”

“இறந்துட்டாரா?”

“அப்படியும் சொல்ல முடியாதுங்க.”

அந்த உரிமையாளரின் பெயர் ரங்கராஜ். காரமடைக்காரர், ஒரு நூல் மில்லில் மேற்பார்வையாளர். ஓர் ஐப்பசி மாதக் காலையில் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பியவர் மில்லுக்குப் போய்ச் சேரவில்லை. மூன்றாம் நாள் மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தின் வெளியே அவருடைய கார் மட்டும் கிடைத்தது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, கைப்பிரேக் போட்டிருந்தது, பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்திருந்தது. மலைக்கு ஏறுகிற ரயிலில் போனாரா, சென்னைக்குப் போகிற ரயிலில் போனாரா, எதிலுமே ஏறவில்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வருகிறவர் வைக்கிற கல்லா, வராதவர் வைக்கிற கல்லா என்று போலீஸ் நிலையத்தில் எவரும் கேட்டதாகவும் தெரியவில்லை. புகார் மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள்.

நாங்கள் வண்டி பார்க்கப் போனது மாசி மாதம், காரமடைத் தேர் சமயம். மெயின் ரோட்டை ஒட்டிய வீடு; இரும்புக் கேட், உள்ளே வேப்ப மரத்தடியில் பாலேட்டு நிறத்தில் அந்தக் குட்டி வண்டி. ரங்கராஜின் மனைவி சரோஜாதான் இருந்தார். மாமியார் கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். அவரைப் போகச் சொல்லிவிட்டுத்தான் எங்களை வரச் சொல்லியிருக்கிறார் என்று பேச்சில் தெரிந்தது.

“அத்தை தினமும் பொழுது சாஞ்சா வண்டியைத் தொடச்சுப்போட்டு பின்சீட்டுல போய் உக்காந்துக்கறாங்க சார். சோத்துக்குக் கூப்பிட்டாலும் வாரதில்லீங்க. வண்டி போயிருச்சுன்னா ஊட்டுக்குள்ளயாச்சும் வருவாங்கன்னுதான்.”

அந்தோணி முன்மூடியைத் திறந்து, ஏழெட்டு முறை கைப்பம்பை அழுத்தி டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றி, எஞ்சினைச் சூடேற்றும் ‘ஹீட்டர்’ போட்டு, வாய்க்குள் எண்ணிவிட்டுச் சாவியைத் திருகினார். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த வண்டி வெள்ளைப் புகையைக் கக்கி, உடம்பெல்லாம் ஒருமுறை குலுங்கி, பிறகு ‘டக டக டக’ என்று நிதானத்துக்கு வந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு சின்னத் தடுக்கல் இருந்தது. நான்கு தட்டுக்கு ஒருமுறை, நொண்டுகிறவர் நடப்பதுபோல. “அது பம்ப்போட கொணமுங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம்” என்றார் அந்தோணி. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் சுண்டித் திரும்பிப் போனாள்.

சரோஜா ஒரு கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதுவரை எத்தனையோ கோப்புகளைப் பார்த்திருந்தேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வரி கட்டிய ரசீது, காப்பீடு, எஞ்சின் மாற்றியதற்கு முறையாகப் பெற்ற பதிவு என எல்லாம் தேதி வரிசையில் இருந்தன. அந்த வண்டி பெட்ரோல் வண்டியாகப் பிறந்து, கோவைப் பட்டறை ஒன்றில் டீசலாக மாறியது. அப்படி மாற்றுபவர்கள் ஊரில் ஆயிரம் பேர், அதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிய ஒருவரை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். ஆள் இல்லாமலே அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

கோப்பின் கடைசியில் இரண்டு படிவங்கள் இருந்தன, இருபத்தொன்பதும் முப்பதும். வண்டியை விற்றவர் ‘இன்ன தேதியில் இன்னாரிடம் ஒப்படைத்துவிட்டேன்’ என்று அரசுக்குத் தெரிவிக்கிற தாள்கள். இரண்டாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு தரகரிடம் வண்டியை மாற்றிக்கொள்ள நினைத்து, எல்லோரும் செய்வதுபோல ரங்கராஜும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பேரம் நின்றுபோனது, தாள்கள் தங்கிவிட்டன. பெயர் இல்லை, தேதி இல்லை. கையெழுத்து மட்டும், கடைசி எழுத்தின் கீழே இரண்டு புள்ளிகளோடு.

“இது போதுங்களா சார்?” என்றார் சரோஜா.

போதாது என்று எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக அந்த ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது. வண்டிக்காரர் செத்துவிட்டால் வாரிசின் பெயருக்கு மாற்ற ஒரு படிவம் உண்டு. விற்றுவிட்டால் அதற்கு ஒரு படிவம் உண்டு. காணாமல் போய்விட்டால் அதற்குப் படிவம் இல்லை. ஏழாண்டுகள் காத்திருந்து, நீதிமன்றத்தில் அவர் இறந்ததாகக் கருத வேண்டும் என்று மனுப் போட்டு, தீர்ப்பு வாங்கி, வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பிறகு வண்டியை விற்கலாம். அதற்குள் வேப்ப மரம் அதன் கூரையைத் துளைத்து வளர்ந்திருக்கும்.

மறுநாள் காலை, அலுவலகத்தில் என் மேசையில், என் பேனாவால் அந்தப் படிவங்களை நிரப்பினேன். தேதி என்ற கட்டத்தில் கொஞ்சம் நின்றேன். அவர் ஊரில் இருந்த காலத்துத் தேதியைப் போட்டால் ஏன் இத்தனை தாமதம் என்று கேள்வி வரும். கேள்வி வருகிற மாதிரி ஒரு படிவத்தை நான் நிரப்பியதே இல்லை. ஆகவே மார்ச் மாதத்தில், அதற்கு முந்தைய நாள் தேதியைப் போட்டேன். இடம்: கோயம்புத்தூர். காணாமல் போய் நான்கு மாதங்களுக்குப் பிறகு ரங்கராஜ் கோயம்புத்தூருக்கு வந்து என்னிடம் வண்டியை ஒப்படைத்தார். மனு திரும்பி வரவில்லை. இரண்டு வாரத்தில் ஆர்.சி. புத்தகம் என் பெயரில் வந்தது.

இங்கே வேறு எவராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார். நான் நிறுத்தவில்லை. விற்றவரின் விலாசத்துக்கும் ஒரு நகல் போய்ச் சேர்வதுதான் முறை என்று எண்ணி, வாகனப் பதிவு அலுவலகம் முத்திரை வைத்த நகல் ஒன்றைக் காரமடை விலாசத்துக்கு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். இதை யாரும் செய்வதில்லை. சரோஜா பார்த்துக் கோப்பில் வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் அதற்கு முந்தைய வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு பெருந்துறையில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டது எனக்குத் தெரியாது. ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதில் கையெழுத்து இல்லை. ஊதா மையில் ஓர் இடது கட்டைவிரல் ரேகை.

வண்டியை நான் ஓட்டத் தொடங்கியிருந்தேன். இருக்கையை நகர்த்த வேண்டியிருக்கவில்லை; அவர் உயரமும் என் உயரமும் ஒன்றுதான் போலும். கண்ணாடியும் என் கண்ணுக்கே வைத்ததுபோல் இருந்தது. டாஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடந்தது. எந்தத் தேதியில் ஆயில் மாற்றியது, எப்போது டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடித்தது, எந்த இன்ஜெக்டரை எத்தனை கிலோமீட்டரில் கழற்றிச் சரிபார்த்தது என்று பொடிப்பொடியான எழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. முதல் பக்கத்தில், ‘குளிர் காலையில் ஹீட்டர் போட்டு இருபது எண்ணவும். பதினைந்தில் அவசரப்படக் கூடாது’. கடைசி வரி, ‘அடுத்த ஆயில் 62,000-ல்’. ஊரைவிட்டுப் போவதற்கு நான்கு நாள் முந்தைய தேதியில் எழுதியது.

நான் 62,000-ல் ஆயில் மாற்றினேன். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய மறுநாளே கரியாகிவிடும். முதல்முறை அதைப் பார்த்து நான் பதறியபோது அந்தோணி சிரித்தார். “கறுத்தாத்தானுங்க அது வேல செய்யுது. வெள்ளையா இருந்தாத்தான் பயப்படோணும்.” வெள்ளைப் புகை வந்தால் இது, கறுப்புப் புகை வந்தால் அது, நீலமாக வந்தால் பணத்தைத் தயார் செய்ய வேண்டும் என்று அவர் சொன்னதையெல்லாம் அந்த நோட்டில், ரங்கராஜின் கடைசி வரிக்கு அடுத்த வரியில், இடைவெளி விடாமல் எழுதிக்கொண்டு போனேன். ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்தால் என் எழுத்தும் பொடியாகியிருந்தது.

என் மனைவி வசந்தாவுக்கு வண்டி பிடிக்கவில்லை. “நீங்க வாங்கியாந்தது காருங்களா, ரைஸ் மில்லுங்களா?” என்று சந்துக்கே கேட்கும்படி கேட்பாள். சத்தம் கேட்டுத்தான் காரமடையிலும் ஆட்கள் திரும்பினார்கள். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடி டம்ளரோடு எழுந்து நிற்பார். சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நிற்பார். வண்டி பக்கத்தில் வந்து, உள்ளே நான் இருப்பதைப் பார்த்ததும் முகங்கள் மூடிக்கொள்ளும். அந்த இரும்புக் கேட்டைத் தாண்டும்போது தினமும் இரண்டு வேளையும் ஓர் அம்மாள் கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர்தான் ரங்கராஜின் தாயார் கிருஷ்ணம்மாள். நான் முன்னால் பார்த்தபடி ஓட்டிப் போய்விடுவேன்.

அட்டை திரும்பி வந்த அடுத்த திங்கட்கிழமை அவர் கேட்டுக்குள் நிற்கவில்லை. தார் ரோட்டின் ஓரத்தில், கையை நீட்டிக்கொண்டு நின்றார். நிறுத்தினேன்.

“சாமி, நீங்கதானுங்களா வாங்கினது?”

“ஆமாங்கம்மா.”

இடுப்புச் செருகலிலிருந்து எடுத்தார். எட்டாக மடித்த தாள். “தபால்காரத் தம்பி படிச்சுச் சொல்லுச்சுங்க. எம் பையன் மார்ச்சுல கோயமுத்தூரு வந்து உங்ககிட்ட வண்டியை எழுதிக் குடுத்தானாமுங்க. இந்தக் கையெழுத்து அவனுதுதானுங்க, எனக்குப் படிக்கத் தெரியாட்டியும் அந்த ரெண்டு புள்ளி தெரியுமுங்க.” மூச்சு வாங்கிக்கொண்டார். “எளச்சிருந்தானுங்களா?”

அந்தக் கணத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதென்றால், தேதியை எழுதியது நான் என்று சொல்ல வேண்டும். ஓர் அரசு ஊழியன் இல்லாத ஒருவரை அரசுத் தாளில் வரவழைத்தான் என்று சொல்ல வேண்டும். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

“கொஞ்சம் எளச்சிருந்தாருங்க” என்றேன்.

“சரோஜாதான் கூட்டியாந்தாளுங்களா? அவளுக்கு அவன் இருக்கற எடம் தெரியுமுங்களா?”

“இல்லீங்கம்மா. அவரா வந்தாருங்க. தனியாத்தான்.”

“என்னங்க சொன்னான்?”

எனக்கு அவர் சொன்னதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். “குளுரு நாள்ல ஹீட்டர் போட்டு இருபது எண்ணோணும், பதினஞ்சுல அவசரப்படக் கூடாதுன்னாருங்க.”

கிருஷ்ணம்மாளின் முகம் அப்படி மலரும் என்று நான் நினைக்கவில்லை. “ஆமாங்க சாமி! ஆமாங்க! காலைல வண்டிக்குள்ள உக்காந்துட்டு வாய்விட்டு எண்ணுவானுங்க. நான் அடுப்படில இருந்து கேட்டுட்டே இருப்பனுங்க.” காரின் கூரையை ஒருமுறை தடவிவிட்டு வழி விட்டார்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாளாவது நிறுத்துவார். என்ன சட்டை போட்டிருந்தான், முடி வெட்டியிருந்தானா, காலில் செருப்பு இருந்ததா என்று ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொன்னேன். முன்னால் சொன்னதற்கு முரண்படாமல் சொன்னேன், கோப்பு பராமரிக்கிறவனுக்கு அது பழக்கம். ஒருநாள் ஒரு சீப்பு பூவன் பழத்தைப் பின்சீட்டில் வைத்தார். “மறுக்கா வந்தான்னா குடுங்க. பேப்பருல கீப்பருல கையெழுத்துப் போட வருவானல்லங்க?” நான் எடுத்துப் போனேன். தின்ன மனம் வரவில்லை, எறியவும் வரவில்லை. அலமாரியில் கறுத்து, நீர்விட்டு, ஈ மொய்த்தது. “யாருக்குன்னு வெச்சிருக்கீங்க இதை?” என்று வசந்தா கேட்டாள். அவளுக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பழங்களை முறத்தில் அள்ளிக்கொண்டே சொன்னாள்: “ஊரு சனத்துக்கெல்லாம் மனு எழுதிக் குடுக்கறீங்க. அந்தம்மாவுக்கு நெசத்தைச் சொல்றதுக்கு எந்தப் படிவமும் இல்லீங்களாக்கும்?”

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் சரோஜா என் மேட்டுப்பாளையம் அலுவலகத்துக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மில்லுல எனக்கு வேலை குடுக்கறேன்னு சொல்லியிருந்தாங்க சார். அவரு இருந்த எடத்துக்கு மனசாரக் கூப்பிட்டாங்க. போன வாரம் அத்தை அந்தப் பேப்பரைத் தூக்கிட்டு மில்லு கேட்டுக்கே போயிட்டாங்க. எம் பையன் மார்ச்சுல வந்தவன் இங்க வந்தானான்னு கேட்டுருக்காங்க. இப்ப ஆபீசருங்க, ‘உன்ற ஊட்டுக்காரரு இருக்கறாரேம்மா, அவரைக் கூட்டியா, பேசிக்கலாம்’கறாங்க.” அவர் குரல் உயரவில்லை, எங்கள் ஊரில் கோபம் வந்தால் மரியாதை கூடும். “ஊருக்குள்ள நான் அவரை ஒளிச்சு வெச்சிருக்கறனாமுங்க. வண்டியை வித்துத் திங்கறதுக்கு ஒளிச்சு வெச்சிருக்கறனாமுங்க. ஏனுங்க சார், அந்தத் தேதியை நீங்கதானுங்களே போட்டீங்க?”

“ஆமாங்க” என்றேன்.

“அதை எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் எனக்கு விதி எண்ணோடு தெரியும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை; வேலையே போவதற்கும் இடமிருந்தது. ஒரு நாள் அவகாசம் கேட்டேன். எழுதுவதற்கு முன்னால் கிருஷ்ணம்மாளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதுதான் முறை என்று தோன்றியது. முறை என்று தோன்றுவதைச் செய்து நான் கெட்டது அதற்குள் எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்று மாலை நானாகவே அந்தக் கேட்டின் முன் வண்டியை நிறுத்தினேன். கிருஷ்ணம்மாள் ஓடி வந்து பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். யாருமில்லை. அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, முழுவதையும் சொன்னேன். உங்கள் மகன் என்னிடம் வரவில்லை. நான் அவரைப் பார்த்ததே இல்லை. கையெழுத்து எப்போதோ போட்டு வைத்தது; தேதி நான் எழுதியது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தாளை எடுத்துப் பிரித்து, முத்திரையின் மேல் விரலை வைத்தார்.

“சர்க்காரு சீலு வெச்சிருக்குதுங்க.”

“வெச்சிருக்குதுங்கம்மா. நான் எழுதினதை நம்பி வெச்சது.”

“அப்ப இருபது எண்றது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?”

நோட்டை எடுத்துக் காட்டினேன். “இதுல எழுதியிருந்தாருங்க.”

“நோட்டுல இருந்தா நெசமுங்க, சீலு வெச்ச பேப்பருல இருந்தாப் பொய்யுங்களா?”

எத்தனையோ அதிகாரிகளின் மறு வினாக்களுக்கு விதி எண்ணோடு பதில் எழுதியவன் நான். இதற்கு எந்த விதி எண்ணை எழுதுவது?

“எளச்சிருந்தான்னீங்க. நீலச் சட்டை போட்டிருந்தான்னீங்க. நான் கேட்டேன், நீங்க பார்த்துச் சொன்னீங்க.” கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். “சரோஜா உங்களைப் பார்க்க வந்தாளுங்களா?”

“வந்தாங்க.”

“அதானுங்க” என்றார். தாளை மடித்து, எட்டாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். ஒரு நகல் மில்லுக்கு, ஒரு நகல் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு, ஒன்று என் மேலதிகாரிக்கு. மில்லில் சரோஜாவுக்கு நூல் சுற்றும் பிரிவில் வேலை கிடைத்தது; மகளோடு மில் குடியிருப்புக்கே வந்துவிட்டார். என் மேல் விசாரணை நடந்து ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. விசாரணை அதிகாரி, என் விளக்கக் கடிதத்தின் நடையைப் பாராட்டினார். பெயர் மாற்றத்தை ரத்துச் செய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். கையெழுத்து உண்மையானது, கட்டணம் செலுத்தப்பட்டது, ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்பதால் மாற்றம் அப்படியே இருக்கலாம் என்று பதில் வந்தது. வண்டி என்னுடையதாகவே இருந்தது.

கிருஷ்ணம்மாள் மறுபடி என்னை நிறுத்தவில்லை. ஆனால் சத்தம் கேட்டால் கேட்டுக்கு வருவதை நிறுத்தவுமில்லை. என்னைப் பார்க்க மாட்டார்; பின்சீட்டைப் பார்ப்பார். இதைத் தாங்க முடியாமல் அந்தோணியிடம் போய், வண்டியின் சத்தத்தை மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“சைலன்சரை மாத்தலாமுங்க, டைமிங்கைத் திருப்பலாமுங்க. அந்த நொண்டல் போகாதுங்க சார். அது போகோணும்னா நீங்க வேற வண்டி வாங்கோணும்.”

வேறு வண்டி வாங்க வேண்டுமானால் இதை விற்க வேண்டும். விற்பதற்கு அதே படிவங்களில் நான் கையெழுத்துப் போட வேண்டும். தரகர் ஒருவர் ஒருமுறை வந்து, தேதியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், கையெழுத்தை மட்டும் போடுங்கள் என்றார். நான் கத்தியதைக் கேட்டு வசந்தா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். மேட்டுப்பாளையத்தில் இருந்த மிச்ச நாளெல்லாம் பஸ்ஸிலேயே போனேன், நின்றுகொண்டு. கார் வீட்டில் நின்றது. வாரம் ஒருமுறை இருபது எண்ணி எழுப்பி, அணைத்துவிடுவேன்.

ஏழாண்டுகள் முடிந்தபோது நானே மில் குடியிருப்புக்குப் போய், நீதிமன்ற மனுவை எழுதித் தருவதாகச் சரோஜாவிடம் சொன்னேன். ரங்கராஜ் இறந்துவிட்டதாகத் தீர்ப்பு வாங்கலாம், சட்டப்படி எல்லாம் ஒழுங்காகும் என்றேன். மில்லிலிருந்து வந்த களைப்போடு, தலையில் பஞ்சுத் துகளோடு, அவர் என்னைப் பார்த்தார். “அத்தை இருக்கற வரைக்கும் வேண்டாமுங்க சார்” என்றார். அத்தை அவரோடு பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை அரிசியும் எண்ணெயும் வாங்கிக் கேட்டுக்குள் வைத்துவிட்டு வருகிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

கிருஷ்ணம்மாள் இப்போது இல்லை. மெயின் ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த வீட்டின் முன்பாதியும் கேட்டும் போய்விட்டன; மீதியில் மொபைல் கடை இருக்கிறது. சாலையோரப் புளிய மரங்கள் போயின. அந்தோணியின் பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி. வண்டியைச் சத்தம் வைத்து அடையாளம் கண்டு எழுந்து நிற்கிறவர்களும் இல்லை. இப்போதைய வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இரைகின்றன, சில இரைவதே இல்லை. தேதியைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலமும், என் மேல் நடந்த விசாரணையின் கோப்பும், முடிவுற்ற கோப்புகளைக் குறித்த ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்கலாம் என்ற விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன. நானே பணிக்காலத்தில் அந்த விதியின்படி மூட்டை மூட்டையாக அழித்திருக்கிறேன். வாகனப் பதிவேடு மட்டும் நிரந்தர ஆவணம்.

ஓய்வு பெற்ற பிறகு, சென்ற ஆண்டுதான், வண்டியை உடைப்பதற்குக் கொடுத்தேன். பதிவை ரத்துச் செய்யப் போயிருந்தபோது, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். என் மகள் வயதிருக்கும்.

“பழைய லெட்ஜருல இருந்து ஏத்துனதுங்க சார். தப்பு இருக்கும். ஒருக்கா பார்த்துச் சொல்லிப்போடுங்க, இருந்தா இப்பவே திருத்திரலாம்.”

பார்த்தேன். வண்டி எண், எஞ்சின் எண். முந்தைய உரிமையாளர், ரங்கராஜ். ஒப்படைத்த தேதி, அந்த மார்ச் மாதத் தேதி. அதைத் திருத்த வேண்டுமானால் ஆதாரம் வேண்டும். ஆதாரம் எதுவும் இல்லை, என்னைத் தவிர. அந்த நாளில் அவர் கொஞ்சம் இளைத்துப்போய், நீலச் சட்டையோடு, கோயம்புத்தூரில் இருந்தார் என்று நம்பிக்கொண்டிருந்த அந்த அம்மாளும் இல்லை.

“எல்லாம் சரியா இருக்குதுங்களா சார்?”

“சரியா இருக்குதும்மா” என்றேன்.